எண்பத்தாறு வாஸ்கோ

ஒலிந்தாவின் கடையில் பதினோரு வருஷமாக ஒரு மனிதனின் பெயர் மட்டும்தான் உள்ளே இருக்கிறது. ஆள் உள்ளே வரக்கூடாது.

பெயர் இருப்பது பாருக்கு மேலே தொங்கும் கரும்பலகையில். மட்டிச் சிப்பியும் காரமான லிங்குவீசா சாசேஜும் பூண்டோடு வெள்ளை ஒயினில் வேகிற பானைக்கு அந்த அமெரிக்கத் துறைமுகத்தில் 'வாஸ்கோ' என்றுதான் பெயர். ஆள் வரக்கூடாது என்று எழுதியிருந்தது கல்லாவுக்குக் கீழே ஒட்டிய தாளில். அதிலும் முதல் பெயர் வாஸ்கோதான். வாஸ்கோ ஃபுர்டாடோ, ஒலிந்தாவின் புருஷன். லீடியாவுக்கும் டுவார்டேவுக்கும் அப்பா.

அந்தக் காலத்தில் பாருக்குப் பின்னால் நின்றவர் அவர். ஊருக்கு ஒரு கிளாஸ் ஊற்றினால் தனக்கு இரண்டு ஊற்றிக்கொள்வார். பரிசுத்த ஆவி திருவிழா அன்று, போதையில் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் வந்து, கொதிக்கிற பானையை 'நான் தூக்கறேன், நான் தூக்கறேன்' என்று தூக்கி, ஒலிந்தாவின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டினார். மறுநாள் காலை ஒலிந்தா வலது கையால் அந்தத் தாளை எழுதினாள். புருஷனை வீட்டை விட்டுத் துரத்திய பெண்கள் அந்த ஊரில் நிறைய உண்டு. கடையை விட்டே தள்ளி வைத்தவள் அவள் ஒருத்திதான்.

பானையின் பெயரையும் மாற்றிப் பார்த்தாள். படகுக்காரர்கள் பலகையைப் பார்த்தா கேட்கிறார்கள்? "ரெண்டு வாஸ்கோ கொடும்மா" என்றார்கள். கொடுத்தாள்.

இந்தத் தொழிலில் ஒரு சொல் உண்டு: எண்பத்தாறு. ஒரு பதார்த்தம் தீர்ந்து போனால் அடுப்படியிலிருந்து "எண்பத்தாறு கேல் கீரை சூப்!" என்று குரல் வரும். பரிமாறுகிறவள் அதைத் திருப்பிச் சொல்வாள். பாரில் இருப்பவன் இன்னொரு தடவை கத்திவிட்டுப் பலகையில் கோடு கிழிப்பான். குடித்துவிட்டு ரகளை செய்த ஆளை இனிமேல் உள்ளே விடாதே என்பதற்கும் அதே எண்பத்தாறுதான். அது என்ன எண் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாம் சரடு.

போன வாரம் லீடியா ஒரு வழியாக வாயைத் திறந்துவிட்டாள். அப்பா ஒன்பது வருஷமாக ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை. இதயத்தில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பாஸ்டனில் விமானம் ஏறி, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கே நிரந்தரமாகப் போகிறார். போவதற்கு முன் ஒரே ஒரு வேளை, நம் கடையில், நம்மோடு சாப்பிடட்டுமே?

ஒலிந்தா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் காலை அந்தத் தாளை உரித்து எடுத்துவிட்டுப் புதுத்தாள் ஒட்டினாள். பதினாறு பெயர்கள். பழைய தாளில் முதலில் இருந்த வாஸ்கோ அதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இன்றைக்கு.

லீடியாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஆறாம் நம்பர் மேசையின் விரிப்பை மூன்று தடவை மாற்றினாள். நாற்காலியை இப்படிப் போட்டாள், அப்படிப் போட்டாள். முப்பத்திரண்டு வயதில், எட்டு வருஷமாகக் கூடத்தை நடத்துகிறவளுக்கு ஒரு மேசை போடத் தெரியவில்லை.

"அஞ்சாம் நம்பர் போதும்" என்றாள் ஒலிந்தா அடுப்படி ஜன்னலிலிருந்து.

"அது பாத்ரூம் வாசல்மா."

"பின்னே? ராஜாவா வர்றார்?"

சொன்னவள் அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். லீடியா அதை அப்போதுதான் கவனித்தாள். பதினோரு வருஷத்தில் கோடையிலும் அம்மா முழுக்கைச் சட்டை இல்லாமல் கடைக்கு வந்ததில்லை.

"அம்மா, கை..."

"பார்க்கட்டும். பார்த்துட்டுச் சாப்பிடட்டும்." ஒலிந்தா மட்டிகளைத் தேய்க்கத் திரும்பிவிட்டாள். "நீ போய் வாசலைப் பாரு. ஆறாம் நம்பரையே கொடு. போ."

பதினோரு மணிக்கு அப்பாவின் போன் வந்தது. குரல் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பையன் மாதிரி இருந்தது.

"ஒரு மணிக்கு வந்துடறேன், கண்ணு. வாசல்லயே நிக்கறேன். உங்கம்மா வாயால கூப்பிட்டா உள்ளே வர்றேன்."

"நான் வாசல்லயே நிப்பேன்ப்பா. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன்."

"டுவார்டே இருப்பானா?"

"பாருக்குப் பின்னால."

"பெரிய ஆளா வளர்ந்துட்டானா?" என்று கேட்டார்.

"உங்களை விட ரெண்டு அங்குலம் அதிகம். முகம் உங்க முகமேதான். சொன்னா அடிக்க வருவான்."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே லீடியா இன்றைய நாள் நல்லபடியாக முடிய வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டாள்.

ஆனால் மூடுபனிக்கு அதெல்லாம் தெரியுமா? பன்னிரண்டு மணிக்குக் கடலிலிருந்து எழுந்து வந்து கடற்கரையை மூடியது. மணலில் கிடந்த கூட்டம் முழுவதும் ஈரத் துண்டும் அழுகிற குழந்தைகளுமாகக் கடைக்குள் வந்து நின்றது. வரிசை வாசல் தாண்டிப் படி வரை போயிற்று.

"ஜன்னலோரமா கொடுங்க, கடல் தெரியணும்" என்றார் கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர்.

"வெளியே கை நீட்டினா உங்க கையே தெரியாது, ஐயா."

"பரவாயில்லை. இருக்குன்னு தெரிஞ்சா போதும்." அவரும் அவர் மனைவியும் வாசலை ஒட்டிய ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வெள்ளையாக இருந்த கண்ணாடியை ரசித்தார்கள்.

லீடியா பாருக்குப் போனாள். டுவார்டே எலுமிச்சை வெட்டிக்கொண்டிருந்தான். இருபத்தாறு வயது. கத்தி பலகையில் விழுகிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

"அந்த எலுமிச்சை உன்னை என்னடா பண்ணிச்சு?"

"வேலையைப் பாரு, அக்கா."

"ஒரு மணிக்கு வருவார். நீ கட்டிப் பிடிக்க வேண்டாம். 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒரு ஆரஞ்சு ஜூஸ் ஊத்திக் கொடு."

"காசு கொடுத்து வர்ற யாருக்கும் ஊத்தறேன். இவருக்கும் ஊத்தறேன். அதுக்கு மேல எதிர்பார்க்காதே."

"அது நம்ம அப்பாடா."

"உனக்கு" என்றான் டுவார்டே. அடுத்த எலுமிச்சையை எடுத்தான்.

பன்னிரண்டே முக்காலுக்கு லீடியா வாசலுக்கு வந்து நின்றாள். குளிர்ந்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? மேசைக்கு மேசை சூடான பானைதான். "மூணு வாஸ்கோ!" "இன்னும் ரெண்டு வாஸ்கோ!" என்று பரிமாறும் டாரீன் அடுப்படிக்குக் கத்தக் கத்த லீடியா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். படகுகள் பனியில் துறைக்குத் திரும்பவில்லை. மட்டி இருக்கிறதுதான் இருக்கிறது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பின்பக்க மரத்தளத்திலிருந்து கூப்பாடு வந்தது. அங்கே ஒரு பிறந்தநாள் கூட்டம், பதினோரு பேர். மேசைக் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக் கேக் நனைகிறதாம். இப்போதே உள்ளே இடம் வேண்டுமாம். டாரீன் கையில் ஆறு தட்டு. லீடியா வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. இரண்டு நிமிஷ வேலை என்று ஓடினாள்.

இரண்டு நிமிஷம் பன்னிரண்டு நிமிஷமாயிற்று. கேக்கைத் தூக்கிக்கொண்டு பின்கதவில் நுழையும்போதுதான் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"எண்பத்தாறு வாஸ்கோ!"

"எண்பத்தாறு வாஸ்கோ!" டாரீன் கூடத்தின் நடுவிலிருந்து திருப்பிச் சொன்னாள்.

"எண்பத்தாறு வாஸ்கோ!" பாரிலிருந்து டுவார்டேவின் குரல் இன்னும் பெரிதாக வந்தது.

போச்சு, தீர்ந்துவிட்டது என்று லீடியாவுக்குப் பகீரென்றது. கேக்கை எங்கேயோ வைத்துவிட்டு அடுப்படி ஜன்னலுக்குப் பாய்ந்தாள்.

"அம்மா! அவருக்கு என்னத்தைக் கொடுக்கறது?"

ஒலிந்தா நெற்றி வியர்வையைத் துடைத்தாள். கடைசி அடுப்பில் ஒரு சின்னப் பானை மூடியோடு இருந்தது.

"அதுக்குத்தான் கத்தினேன். கடைசிப் பானை அது. இன்னொரு ஆர்டர் வந்தா அதையும் தூக்கிட்டுப் போயிடுவா இந்த டாரீன்." குரலைத் தாழ்த்தினாள். "பூண்டு ரெண்டு பல்லு அதிகம் போட்டிருக்கேன். அப்படித்தான் அவருக்குப் பிடிக்கும்."

அம்மாவின் கன்னம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. அடுப்பு மட்டும்தான் காரணம் என்று லீடியா நம்பவில்லை. சந்தோஷத்தில் கண் கரித்தது. வாசலுக்கு ஓடினாள்.

வாசலில் யாரும் இல்லை.

ஒன்றே கால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. லீடியா படியில் இறங்கிப் பனிக்குள் பார்த்தாள், ஏறி வந்தாள், திரும்ப இறங்கினாள்.

ஒன்றே முக்காலுக்கு அடுப்படிக் கதவு திறந்தது. ஒலிந்தா ஏப்ரனைக் கழற்றிவிட்டு, அந்தச் சின்னப் பானையைத் துணியில் பிடித்துக்கொண்டு, அரைக்கைச் சட்டையோடு கூடத்துக்கு வந்தாள். பழைய வாடிக்கைக்காரர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"எங்கே?" என்றாள்.

"இன்னும் வரலம்மா. பனி. ரோடு..."

"யாரு, தொப்பி போட்ட பெரியவரா?" ஜன்னலோரத்துக் கனெக்டிகட் அம்மாள் திரும்பினாள். "வந்தாரே. ஒரு மணி இருக்கும். உள்ளே காலை வெச்சார். இங்கே எல்லாருமா என்னமோ நம்பர் சொல்லிக் கத்தினீங்களா, அப்படியே நின்னுட்டார். பாருப் பக்கம் பார்த்து ஏதோ கேட்டார். அப்புறம் கதவைச் சத்தம் வராம சாத்திட்டுப் போயிட்டார். பாவம், நல்லா சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டு வந்திருந்தார்."

லீடியா அடுப்படிப் பக்கம் பார்த்தாள், பாரைப் பார்த்தாள். அவர் பெயர். அம்மாவின் குரல். அந்தக் குரலுக்கு அப்புறம் மகனின் குரல். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த மனிதர் அதை என்னவென்று நினைப்பார்? சமையல்காரி பானையைச் சொல்கிறாள் என்றா?

ஒலிந்தா பாருக்கு நடந்தாள்.

"பாருப் பக்கம் பார்த்து என்ன கேட்டார்?"

டுவார்டே ஒரு கிளாஸைத் துடைத்தான். துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தான்.

"நான் பலகையில கோடு கிழிச்சிட்டுத் திரும்பினேன். வாசல்ல நின்னார். தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சிருந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். 'இன்னுமா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"டுவார்டே."

"ஆமான்னு தலையாட்டினேன்."

பாரில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் தங்கள் கிளாஸுக்குள்ளே பார்த்தார்கள். லீடியா தம்பியை அறைந்திருப்பாள். நடுவில் அம்மா இருந்தாள்.

"உனக்குத் தெரியுமில்லடா! அம்மா பேரை எடுத்துட்டாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல!"

"தெரியும்." டுவார்டே கிளாஸைக் கீழே வைத்தான். "அன்னிக்கு அம்மா கையை ஐஸுக்குள்ள பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தது நான். எனக்குப் பதினஞ்சு வயசு. நீ காலேஜ்ல இருந்தே. அம்மா கத்தவே இல்ல. பல்லைக் கடிச்சுட்டு 'ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா'ன்னு சொல்லிட்டே இருந்தா. அம்மா மன்னிச்சிட்டா, சரி. நீ மன்னிச்சிட்டே, சரி. என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ஒலிந்தா பானையைப் பார் மேல் வைத்தாள். மெதுவாக வைத்தாள்.

"கேக்கல" என்றாள். "கேட்டிருக்கணும். என் தப்புதான்."

டுவார்டே அதை எதிர்பார்க்கவில்லை. திட்டுக்குத் தயாராக நின்றவன் முழித்தான்.

"வண்டிச் சாவியை எடு" என்றாள் ஒலிந்தா. "நேரா ஏர்போர்ட்டுக்குத்தான் போவார். வேற எங்கே போக இடம் இருக்கு அவருக்கு? நீதான் ஓட்டறே."

"நான் எதுக்கும்மா?"

"உன் மனசுல இருக்கிறதை நீயே அவர்கிட்ட சொல்லு. திட்டணும்னா நல்லா திட்டு, நான் நடுவுல வரமாட்டேன். ஆனா வாசல்ல நிக்கிற மனுஷனை இப்படித் தலையாட்டி அனுப்பாதே."

அறுபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கடையை ஒலிந்தா ஞாயிற்றுக்கிழமை மதியம் விட்டுப் போனதில்லை. பிள்ளை பெறும்போதுகூடத் திங்கட்கிழமை பார்த்துப் பெற்றவள் என்று ஊரில் கேலி செய்வார்கள். இன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். டுவார்டே ஓட்ட, வண்டி பனிக்குள் மறைந்தது.

லீடியா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். மீன் பொரிக்கும் ஹெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒலிந்தாம்மா எப்போ வருவாங்க?"

"தெரியாது. எனக்குச் சூப் ஊத்தத் தெரியும். மிச்சத்தை நீ பார்த்துக்கோ."

இரண்டு சூப் ஊற்றியிருப்பாள். கடை போன் அடித்தது. மூன்று தெரு தள்ளிப் படகு பழுது பார்க்கிற இடத்துப் பக்கம் சின்ன பார் நடத்தும் மேவிஸ். அந்தத் துறைமுகத்தில் யார் யாருக்கு எந்தக் கிளாஸில் என்ன ஊற்ற வேண்டும், யாருக்கு ஊற்றக்கூடாது என்பதெல்லாம் மேவிஸுக்கு மனப்பாடம்.

"லீடியா, சத்தம் போடாம கேளு. உங்கப்பா இங்கே இருக்கார்."

"என்னது?"

"பெட்டியும் கையுமா. முக்கால் மணி நேரமா காப்பி குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தார். இப்போ விஸ்கி கேட்டார்."

"கொடுத்துட்டீங்களா?"

"நான் ஊத்தலேன்னா அடுத்த கடைக்குப் போவார். இங்கேன்னா என் கண் முன்னால இருப்பார். ஊத்தி வெச்சிருக்கேன். இன்னும் தொடல. பார்த்துட்டே இருக்கார். எனக்கு அது பிடிக்கல, லீடியா. சீக்கிரம் வா."

லீடியா அம்மாவின் நம்பரைப் போட்டாள். உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவின் போன் மணியடித்தது. டுவார்டேவுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. இரண்டு பேரும் அவரைத் தேடிக்கொண்டு வடக்கே பாஸ்டனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர் இங்கே, கூப்பிடு தூரத்தில்.

கூடத்தைப் பார்த்தாள். பிறந்தநாள் மேசை கேக்கை வெட்டலாமா என்று கையாட்டியது. பார் மேல் பானை அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சூடு இருந்தது.

"டாரீன், கடையைப் பார்த்துக்கோ!"

"நான் எப்படி? பதினாலு டேபிள் இருக்கு! எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க, நான் என்னத்தைச் சொல்றது?"

"என்ன வேணா சொல்லு!"

பானையைத் துணியோடு அணைத்துக்கொண்டு லீடியா ஓடினாள். பனியில் எதிரே வந்தவர்கள் கடைசி நொடியில் விலகினார்கள். மூடியின் ஓரமாகச் சாறு தளும்பி மணிக்கட்டில் வடிந்தது. சுட்டது. நிற்கவில்லை.

மேவிஸின் கடையில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. அப்பா கடைசி ஸ்டூலில், தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளாஸ் அவர் கையில் இருந்தது. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

லீடியா அவர் முன்னால் பானையை வைத்து மூடியை எடுத்தாள். பூண்டும் ஒயினுமாக ஆவி எழுந்தது.

"அம்மா கத்தினது உங்களை இல்லப்பா" என்றாள் மூச்சு வாங்க. "இதை. இதுதான் கடைசிப் பானை. உங்களுக்குன்னு எடுத்து வெச்சுட்டுத்தான், வேற யாருக்கும் இல்லைன்னு கத்தினாங்க. உங்க பேரைத் தாள்ல இருந்து எடுத்துட்டாங்கப்பா. அரைக்கைச் சட்டை போட்டுட்டு, பானையைத் தன் கையால எடுத்துட்டு வெளியே வந்தாங்க. உங்களைக் காணோம்."

வாஸ்கோ பானையைப் பார்த்தார். ஆவியில் அவர் முகம் இளகியது. உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "ரெண்டு பல்லு அதிகம் போட்டிருக்கா" என்றார்.

லீடியா சிரித்தபடியே அழுதாள். இனி கிளாஸைக் கீழே வைத்துவிடுவார் என்று காத்திருந்தாள்.

அவர் வைக்கவில்லை.

"ஒலிந்தா கத்தினது பானையை. சரி, கண்ணு. அது எனக்குப் புரியாம போச்சு" என்றார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"டுவார்டே என்னைப் பார்த்துத்தானே தலையாட்டினான்?"